உச்சியில் நின்ற மெழுகுவர்த்தி

உங்கள் ஸ்டேஷன் டீ நன்றாகவே இருக்கிறது, சார். சர்க்கரைதான் கொஞ்சம் குறைச்சல். எங்கள் வம்சத்தில் யாருக்கும் சர்க்கரை வியாதி கிடையாது. அடுத்த தடவை சொல்லும்போது என் கிளாசில் மட்டும் ஒரு கரண்டி கூடப் போடச் சொல்லுங்கள்.

எம். புதுப்பட்டி விபத்தைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன். அதில் செத்த மூன்று பேரில் முனியராஜ் என் மகளின் புருஷன். நீங்கள் பட்டாசுக் கம்பெனி முதலாளியைப் பிடித்து உள்ளே வைத்திருக்கிறீர்கள். வெடி நடந்தால் முதலாளியை உள்ளே வைப்பது இங்கே வழக்கம்தான், அதை நான் குறை சொல்லவில்லை. அந்த மனிதரிடம் ஆயிரம் தப்பு உண்டு. ஆனால் இது அவர் தப்பு இல்லை. விபத்து என்று நீங்கள் எழுதியிருப்பதும் சரியில்லை. விபத்து என்றால் யாரும் எதிர்பாராமல் நடப்பது. இங்கே நடந்ததை நான் ஒருவன் முன்கூட்டியே பார்த்திருந்தேன்.

எப்படிப் பார்த்தேன் என்று விளங்க வேண்டுமானால், ஷேர் மார்க்கெட்டில் மெழுகுவர்த்தி படிப்பதைப் பற்றிக் கொஞ்சம் கேட்க வேண்டியிருக்கும். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் பலவேசம். சிவகாசியில் காகிதக் குழாய் உருட்டிப் பட்டாசுக் கம்பெனிகளுக்குப் போடுகிற தொழில். தீபாவளி முடிந்தால் கொஞ்ச மாதம் கை சும்மா இருக்கும். அப்படிச் சும்மா இருந்த ஒரு சமயத்தில், 2006-ல், சாபிரின் ஷேர் ஆபீசுக்குப் போக ஆரம்பித்தேன். மாடியில் ஓர் அறை, வரிசையாகக் கம்ப்யூட்டர், தலைக்கு மேலே கிறீச்சிடும் ஒரு மின்விசிறி. சாபிர் என்னைவிட மிகவும் சின்னவன், ஆனால் விஷயம் தெரிந்தவன். விலை ஏறுவதும் இறங்குவதும் திரையில் மெழுகுவர்த்தி வரிசையாக நிற்கும். ஒரு நாளுக்கு ஒரு மெழுகுவர்த்தி. விலை தொடங்கின இடத்துக்கும் முடிந்த இடத்துக்கும் நடுவில் இருப்பது உடம்பு. இடையில் எவ்வளவு மேலே போய் வந்தது, எவ்வளவு கீழே விழுந்து எழுந்தது என்பதைத் திரி காட்டும். ஏறி முடிந்த நாள் பச்சை, இறங்கி முடிந்த நாள் சிவப்பு.

"விலை எம்புட்டுன்னு பாக்காதீக அண்ணாச்சி. நாளு எப்படிப் போச்சுன்னு பாருங்க" என்பான் சாபிர். "ரொம்ப நாளா விழுந்துக்கிட்டே இருந்தவன், ஒரு நாளு இன்னும் ஆழமா விழுந்து, சாயங்காலத்துக்குள்ள எந்திரிச்சு நின்னுட்டான்னு வைங்க. அங்கனதான் அடிமட்டம். இனிமே ஏறுவான்."

உச்சிக்கும் ஓர் அடையாளம் உண்டு. நாள் கணக்கில் ஏறிக்கொண்டே போன பங்கு, ஒரு நாள் தொடங்கின இடத்திலேயே வந்து முடியும். உடம்பே இருக்காது. ஒரு கோடும் குறுக்கே ஒரு கீற்றுமாக நிற்கும். டோஜி என்பார்கள். ஏறினவன் அசந்துவிட்டான் என்று அதற்கு அர்த்தம்.

"ஆனா ஒத்தை மெழுகுவத்தியை வச்சு முடிவு பண்ணிறாதீக" என்று சாபிர் ஒவ்வொரு தடவையும் சொல்வான். "மறுநாளும் பாக்கணும். அதுவும் செவப்பா முடிஞ்சாத்தான் உறுதி."

இனி என் மகளைப் பற்றிச் சொல்கிறேன். மாரித்தாய் எனக்கு ஒரே பிள்ளை. அவள் அம்மா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டாள். 2004-ல் முனியராஜுக்குக் கட்டிக் கொடுத்தேன். அவன் மருந்துக் கலவை போடுகிறவன். பட்டாசுத் தொழிலில் அதுதான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை, கூலியும் அதற்கேற்ப இருக்கும். காலையில் வேலை முடிந்ததும் அந்தப் பயத்தைக் கழுவக் குடிப்பான். குடித்தால் அடிப்பான்.

முதல் தடவை உதடு கிழிந்து வந்தாள். "கதவுல இடிச்சுக்கிட்டேம்பா" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு. நான் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. அடுத்த தடவை மணிக்கட்டு முறிந்து வந்தாள். ஆட்டுரல் குழவி வழுக்கிவிட்டதாம். அதையும் கேட்டுக்கொண்டேன். ஒவ்வொரு தடவையும் பழம், இனிப்பு, ஒரு தடவை புது மோட்டார் சைக்கிள் என்று ஏதாவது சேர்த்துத்தான் திருப்பிக் கொண்டுபோய் விட்டேன். சந்தையில் இதற்கு ஆவரேஜ் செய்வது என்று பெயர். வாங்கின பங்கு விழ விழ, இன்னும் கொஞ்சம் வாங்கிப் போடுவது. விற்றுவிட்டால் ஏமாந்ததை ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும் அல்லவா. சந்தைக்குப் புதிதாக வருகிறவன் செய்கிற தப்பு அது. நான் சந்தைக்குப் போவதற்கு முன்பே அதைச் செய்து பழகியிருந்தேன்.

2007 சித்திரையில் அவள் வயிற்றில் உதைத்தான். கரு கலைந்துவிட்டது. அன்று அவள் கதவையோ குழவியையோ சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நான் வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். வெட்கத்தில்தான் அழுதேன் சார். கையில் வெட்டுக்கத்தி எடுப்பதென்றால் அன்று எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. உடம்பு தேறியதும் மறுபடி கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன்.

அந்த ஆடியில் முனியராஜ் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போனான். காலையில் குடித்துவிட்டு ஆற்று மணலில் வேட்டி விலகிக் கிடந்தானாம். ஜனங்கள் தாண்டிப் போயிருக்கிறார்கள். வெயில் தாழ எழுந்து, முழுக்குப் போட்டு, ஈர வேட்டியோடு சந்நிதிக்கு உருண்டே போய், இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு வந்தான். கேட்டதும் எனக்குப் பளிச்சென்று புரிந்தது. ஆழமாக விழுந்து, அன்றே எழுந்து நின்றுவிட்டான். இதுதான் அடிமட்டம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அது சரியாகவும் இருந்தது. அன்றோடு அவன் குடியை விட்டுவிட்டான்.

அதற்குப் பிறகு நான் அவனைப் படிக்க ஆரம்பித்தேன். குழாய் லோடு கொண்டு புதுப்பட்டிக்கு அடிக்கடி போகிறவன்தானே. காலையில் அவன் எப்படி எழுந்தான், ராத்திரி எப்படிப் படுத்தான், நடுவில் குரல் எவ்வளவு உயர்ந்தது என்று மாரித்தாயிடம் கேட்டுக்கொள்வேன்.

"நல்லாத்தாம்பா இருக்காரு. எதுக்குத் தெனமும் இதையே கேக்கீக?" என்று சிரிப்பாள். தண்ணீர் எடுத்து வருகிறான், அவளுக்குத் தலைவலி என்றால் சோறு பொங்குகிறான். எல்லா நாளும் பச்சை. வேறொரு தகப்பன் இருக்கன்குடிக்குக் கிடாய் வெட்டியிருப்பான். எனக்குப் பயம் வந்தது. ஏறுகிற எதுவும் ஏறிக்கொண்டே இருப்பதில்லை என்பது நான் படித்த பாடம்.

2008 ஜனவரியில் சந்தை என்ன ஆனது என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். உச்சியில் அந்த டோஜி சிலுவை மாதிரி நின்றதை நான் பார்த்தேன். எங்கள் அறையில் முதலில் பார்த்தவன் நான்தான். விற்றுவிடலாம் என்றேன். மறுநாள் பார்ப்போம் அண்ணாச்சி என்றான் சாபிர். மறுநாள் பிடிகொடுக்காமல் முடிந்தது, இன்னொரு நாள் பார்ப்போம் என்றோம். இப்படியே பார்த்துக்கொண்டிருந்ததில் ஒரு திங்கட்கிழமை வந்தது. திரை முழுக்கச் சிவப்பு. பக்கத்து நாற்காலியில் இருந்த மிளகாய் வத்தல் வியாபாரி மேசையில் முட்டி முட்டி நெற்றியை உடைத்துக்கொண்டார். எனக்குப் போனதைப் பற்றி நான் இதுவரை யாரிடமும் புலம்பியதில்லை. கண்ணால் பார்த்தும் காத்திருந்தேனே என்பதுதான் நெஞ்சை அறுத்தது. மாரித்தாய் விஷயத்திலும் அதைத்தானே செய்தேன். சூடு கண்ட பூனை சார் நான். அடையாளம் தெரிந்தால் இனி மறுநாளுக்குக் காத்திருப்பதில்லை என்று அன்று முடிவு செய்தேன்.

ஆனியில் குழந்தை பிறந்தது. பெண். ஓவியா என்று முனியராஜ்தான் பெயர் வைத்தான். பீத்துணியைக்கூட அவனே அலசுவான். தெருவில் பெண்கள் மாரித்தாயைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். இதற்கு மேல் ஏற இடமில்லை என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

புரட்டாசியில் ஒரு நாள் போனேன். முனியராஜ் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். "வாங்க மாமா" என்றதோடு சரி. சிரிக்கவில்லை, முறைக்கவும் இல்லை. சோறு போட்டு வைத்தது அப்படியே இருந்தது. குழந்தை அழுதது, தூக்கவில்லை. கடைகளுக்குப் போய்விட்டுச் சாயங்காலம் மறுபடி அந்த வழியாக வந்தேன். அதே படியில், அதே மாதிரி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து பார்த்தேன், பிராந்தி வாடை இல்லை. மாரித்தாயின் கன்னத்து எலும்பில் நீலமாக வீங்கியிருந்தது.

"என்ன தாயி இது?"

"அடிபம்புகிட்ட வழுக்கிட்டேம்பா. அங்கன ஒரே பாசி."

என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள். பழைய நாட்களில் தரையைப் பார்த்துச் சொல்வாள். அந்த வித்தியாசத்தை நான் கவனிக்காமல் இல்லை.

மறுநாள் சாபிரிடம் கேட்டேன். "ரொம்ப நாளா ஏறின பங்கு, ஏறவும் இல்லாம இறங்கவும் இல்லாம நிக்கு. என்ன செய்யலாம்?"

"எந்தப் பங்கு அண்ணாச்சி? நம்மகிட்ட அப்படி ஒண்ணும் இல்லையே."

"உள்ளூர்க் கம்பெனி."

"எதுவா இருந்தாலும் அவசரப்படாதீக. சும்மா ஒரு நாளு மூச்சு வாங்கிட்டு மறுபடி ஏறுறதும் உண்டு. அடுத்த நாளு பாத்துட்டுச் செய்யுங்க."

அவனுக்கு என்ன, அடுத்த நாள் என்றால் திரையில் இன்னொரு மெழுகுவர்த்தி. எனக்கு அடுத்த நாள் என்றால் என் மகளின் தலை சுவரில் மோதுகிற சத்தம். சிரித்துவிட்டு இறங்கி வந்தேன்.

மருந்துக் கலவையைக் காலையில் வெயில் ஏறுவதற்குள் போட்டு முடிப்பார்கள். அந்த அறைக்குள் செருப்போடு போகக் கூடாது, இரும்பு எதுவும் போகக் கூடாது. பெண்கள் வளையலைக்கூடக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பக்கத்தில் வருவார்கள். மருந்தில் பொடிக்கல் கிடந்து உரசினால் என்ன ஆகும் என்பது எங்கள் பக்கத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் முதலில் சலிப்பார்கள். குடித்த காலத்தில் முனியராஜ் ஏனோதானோ என்று சலிப்பான். திருந்திய பிறகு இரண்டு தடவை சலித்தான். எனவே சலித்து முடித்த பிறகு நான் போக வேண்டியிருந்தது.

சரியான நேரத்துக்கு லோடு வண்டியோடு போய் நின்றேன். "மாப்பிள்ளை, குழாய் மூட்டை இறக்க ஆளு வேணுமே" என்றேன்.

முனியராஜும் அவன் கூட வேலை செய்கிற ஆண்டிச்சாமியும் வெளியே வந்தார்கள். "நீங்க நிழல்ல நில்லுங்க மாமா. இடுப்பு வலியோட மூட்டையைத் தூக்காதீக" என்றான் முனியராஜ். அவர்கள் குடோனுக்கும் வண்டிக்கும் நடந்துகொண்டிருந்தபோது நான் அறைக்குள் போனேன். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் போனேன், பழக்கம் அப்படி. சட்டைப் பையில் ஒரு கைப்பிடிச் சரளை மணல் வைத்திருந்தேன். சலித்து வைத்திருந்ததில் அதைத் தூவி, மேலே கையால் தடவிச் சமன் செய்துவிட்டு வந்து நிழலில் நின்றேன்.

மூட்டை இறக்கி முடிந்ததும் முனியராஜ் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தான். "மாமா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றான்.

"சாயங்காலம் வீட்டுக்கு வாரேன். அப்பக் கேளு."

"சரி மாமா" என்று உள்ளே போனான்.

ரோட்டோர டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். முதலில் கால்மாட்டில் தரை உதறியது, பிறகுதான் சத்தம் வந்தது. கண்ணாடி கிளாஸ்கள் தட்டிலிருந்து தாமாகவே விழுந்தன. எல்லோரோடும் சேர்ந்து நானும் ஓடினேன். அறை இருந்த இடத்தில் அறை இல்லை. ஆண்டிச்சாமியைக் கூடையில்தான் எடுக்க முடிந்தது. அவன் அங்கே இருப்பான் என்று எனக்குத் தெரியும், அவனையும் சேர்த்துத்தான் யோசித்திருந்தேன். குழாயில் மருந்து அடைக்கிற அய்யம்மாளை நான் யோசிக்கவில்லை. கலவை வாங்கிப் போகத் தட்டோடு வாசலில் வந்து நின்றிருக்கிறாள். கதவுப் பலகை அவளை அப்படியே தூக்கிக்கொண்டு போய்ப் பருத்திக் காட்டில் போட்டிருந்தது. முகத்தை வைத்து அடையாளம் சொல்ல வழியில்லை. வேப்பங்கன்றில் கழற்றி மாட்டிய வளையல் எடுக்காமல் தொங்கியதை வைத்துத்தான் அது அவள் என்று அவள் மகன் கண்டுபிடித்தான். நல்ல பெண்பிள்ளை, வாய் நிறைய அண்ணாச்சி என்பாள். அவள் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது.

முனியராஜ் சாகவில்லை. கலவைப் பாத்திரத்தை விட்டுவிட்டுத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்பியிருந்தானாம். முதுகும் தோளும் கைகளும் வெந்துபோயிருந்தன. அவனை வாழை இலையில் போட்டுத் தூக்கினவர்களில் நானும் ஒருவன். அவன் தோள் தோல் என் உள்ளங்கையோடு வந்துவிட்டது. மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கைக்குழந்தையோடு மாரித்தாயை உள்ளே விடவில்லை. கூட இருந்து பார்த்துக்கொண்டது நான்தான். உதட்டை நனைத்துவிட்டேன், ஈ ஓட்டினேன், மூத்திரம் பிடித்தேன். மாரித்தாய் வராந்தாவில் என் காலைக் கட்டிக்கொண்டு, பெத்த தாய்கூட இப்படிப் பாக்க மாட்டாப்பா என்று அழுதாள். இங்கே நான் வந்து உட்கார்ந்திருப்பதற்கு அந்த அழுகையும் ஒரு காரணம். என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

அந்த வராந்தாவில்தான் இன்னொன்றும் சொன்னாள்.

"அன்னைக்கு அவரு ஏன் அப்படி உக்காந்திருந்தாருன்னு நெனைச்சீகளோ என்னமோ. சீசன்னு சொல்லி முதலாளி கூடுதலா மருந்து போடச் சொல்லி நெருக்கியிருக்காரு. இவருக்குப் பயம் வந்துருச்சு. பிள்ளை இருக்கு, இந்த வேலை வேண்டாம், மாமாகூடக் குழாய்க் கம்பெனிக்கே போயிறட்டுமான்னு எங்கிட்டக் கேட்டாரு. போய்க் கேளுங்கன்னேன். அவுக பொண்ணைப் போட்டு அந்த அடி அடிச்சவன், எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கேக்கன்னு நாளெல்லாம் படியில உக்காந்திருந்தாரு."

மாற்றுத்துணி எடுக்க ஊருக்குப் போனபோது, அந்த அடிபம்பைப் போய்ப் பார்த்தேன். பாசி இருந்தது.

அடுத்த நாள் விடியும்போது முனியராஜுக்கு மூச்சு இறங்கிவிட்டது. சொந்தபந்தத்துக்குச் சொல்லி அனுப்பச் சொன்னார்கள். மத்தியானம் காய்ச்சல் விட்டது. சாயங்காலம் கண்ணைத் திறந்து, மாரி எங்கே என்று கேட்டான். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "ஆபத்தைத் தாண்டிட்டாரு, இனிமே தேறிடுவாரு" என்றார். மாரித்தாய் கையெடுத்துக் கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன்.

நீங்கள் கேள்விப்படாதது இதுதான் சார். தீக்காயத்தில் இறந்தான் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதத்தை நம்பி நீங்களும் எழுதிவிட்டீர்கள். மறுநாள் மத்தியானம், நர்சுகள் சாப்பிடப் போயிருந்த நேரம், "மாமா, தண்ணி" என்றான். உதட்டை நனைக்கிற துணியை நாலாக மடித்து நன்றாக நனைத்தேன். அவன் வாயைத் திறந்தான். வாயையும் மூக்கையும் சேர்த்து வைத்து அழுத்தினேன். கைகளில் கட்டு இருந்ததால் அவனால் பிடிக்க முடியவில்லை. கண் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. கட்டில் கொஞ்ச நேரம் ஆடியது. நான் நினைத்ததைவிட அதிக நேரம் பிடித்தது.

எல்லாம் மகளுக்காகச் செய்தேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள். இதுவரை நான் சொன்னதை வைத்து நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும்போது, அவன் மறுபடி அவளை அடிப்பான் என்ற பயம் எனக்குத் துளியும் இல்லை. அவ்வளவு ஆழமாக விழுந்து, அன்றே எழுந்து நின்றவன். அடுத்த நாளும் பார்த்தாகிவிட்டது. பிழைத்தால் அவன் சாகிறவரைக்கும் நல்லவனாகவே இருந்துவிடுவான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.